நாற்பது நொடிகள்

தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குச் செல்லும் ஐந்து கிலோமீட்டர்ச் சாலையில், மேலகரத்தை ஒட்டி வயல்கள் உண்டு. கதிர் முற்றும் பருவத்தில் அவ்வயல்களின் குறுக்கே கயிறு கட்டிப் பழைய குறுந்தகடுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். காற்றில் சுழன்று வெயிலைச் சிதறடிக்கும் அவற்றைக் கண்டு குருவிகள் அஞ்சும் என்பது உழவர் நம்பிக்கை. சங்க காலத்தில் தினைப்புனம் காத்த மகளிர் கையில் தட்டையும் குளிரும் தழலும் இருந்தன. இக்காலத்து வயலுக்கு இவை வாய்த்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வண்டியை நிறுத்தி, வரப்போரத்தில் தொங்கிய வட்டொன்றைப் பிடித்துப் பார்த்தோம். மார்க்கர் பேனாவால் மணமக்கள் பெயரும் 2005 என்ற ஆண்டும் எழுதியிருந்தன. எவர் வீட்டுத் திருமணமோ, நெல்லைக் காத்துக்கொண்டிருந்தது.

அன்று நகைத்துவிட்டு வந்தோம். 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், நம் வீட்டு வட்டொன்று இயங்க மறுத்தபோது அந்த நகைப்பு மறந்துபோயிற்று.

ஆனியில் நம் ஆச்சியின் திவசம் வரும். அவர்கள் 2009இல் மறைந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆயினும் திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி மலைவளம் கூறும் பாடல்களைத் தமக்கே உரிய மெட்டில் பாடுவார்கள். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய நூல் அது. கவிராயர் ஊருக்கும் நம் வீட்டிற்கும் இடையே நடந்துபோகும் தொலைவுதான். ஆச்சிக்கு அந்நூல் ஏட்டு வழியாகவோ அச்சு வழியாகவோ வரவில்லை. தம் தாயார் வாய்வழியே வந்தது. 2007ஆம் ஆண்டுச் சாரல் பருவத்தில், நிழற்பட நிலையம் வைத்திருந்த நண்பர் ஒருவர் தம் கேமராவைக் கொணர்ந்து ஆச்சி பாடுவதையும் பேசுவதையும் பதிவு செய்து கொடுத்தார். அதைத் தொகுத்து 94 நிமிடப் படமாக்கி, நாமே வீட்டுக் கணினியில் இரண்டு டிவிடிகளில் எரித்தோம். ஒன்று தென்காசியில் நம் வீட்டில் இருந்தது. மற்றொன்று குற்றாலத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை வீட்டில்.

'எரித்தல்' என்ற சொல்லே அன்று நமக்கு விந்தையாக இருந்தது. எரித்தபின் எஞ்சுவது சாம்பல் என்றுதான் தமிழ் அறியும். மதுரை அனல்வாதத்தில் சம்பந்தர் இட்ட ஏடு எரியாமல் இருந்ததுதான் வியப்பு. இங்கோ எரித்தால்தான் எழுத்து பதியும் என்றார்கள். எரித்து முடித்ததும் மூலக்கோப்பைக் கணினியிலிருந்து அழித்தோம். கேமரா நாடாவிலிருந்து இறக்கும் படம் மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் கேட்கும். நம்மிடம் இருந்த வன்தட்டின் கொள்ளளவே 80 ஜிகாபைட். நண்பரும் அந்நாடாவை அடுத்த திருமணத்திற்குப் பயன்படுத்திக்கொண்டார். 'வட்டுதான் இரண்டு இருக்கிறதே' என்ற நிம்மதி எல்லாரிடமும் இருந்தது.

அன்று திவசம் முடிந்து உணவருந்தியபின், தம்பி மகள், "பெரியப்பா, ஆச்சி பாடினதைப் போடுங்களேன். நான் கேட்டதே இல்லை" என்றாள். ஆச்சி மறைந்தபோது அவளுக்கு மூன்று வயது. பழைய டிவிடி பிளேயரைத் துடைத்துத் தொலைக்காட்சியில் இணைத்தோம். வட்டு உள்ளே சென்றது, சுழன்றது, தயங்கியது. பின்னர்த் திரையில் 'நோ டிஸ்க்' என்ற இரு சொற்கள் தோன்றின. உள்ளே இருப்பதை இல்லை என்று சொல்லும் சொற்கள் அவை.

நாம் தமிழ் பயிற்றுவிப்பவர். மின்னணுவியல் பயின்றோம் அல்லோம். எனவே தென்காசியில் மின்னணுக் கருவிகள் பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் வட்டையும் கருவியையும் எடுத்துச் சென்றோம். அவர் கூறியது இன்னும் நினைவில் இருக்கிறது. "சார்வாள், தட்டு செத்துப்போச்சுன்னு எடுத்ததும் சொல்லாதீக. மொதல்ல கண்ணு தெரியுதான்னு பாக்கணும்." கண் என்று அவர் சொன்னது லென்சை. கடையில் வாங்கிய, நன்கு ஓடும் திரைப்பட டிவிடி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதுவும் திக்கியது. லென்சைத் துடைத்தபின் திரைப்படம் ஓடியது. நம் வட்டு ஓடவில்லை. ஆக, கருவியில் ஒரு குறை, வட்டில் ஒரு குறை, இரண்டும் உண்டு. சாரல் காற்றில் ஈரம் குடித்த ஊரில் இது வியப்பன்று.

அதன்பின் சில வாரங்கள் அவரிடமும் நூல்களிடமும் கற்றவற்றை, இத்தகைய வட்டுகள் வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, கடையில் விற்கும் வட்டும் வீட்டில் எரித்த வட்டும் ஓரினம் அல்ல. கடை வட்டில் செய்தி நுண்ணிய பள்ளங்களாக அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். வீட்டு வட்டில் இருப்பது ஒரு கரிமச் சாயப் படலம். எழுதும் லேசர்க்கதிர் அச்சாயத்தைச் சுட்டு ஒளி மங்கும் புள்ளிகளை உண்டாக்குகிறது. படிக்கும் கதிர் அவ்வேறுபாட்டைக் காண்கிறது. சாயம் என்பதால் வெயிலில் வெளுக்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் கெடும். முதுமையடைந்த பிளேயர் கடை வட்டை ஏற்று வீட்டு வட்டை மறுப்பது இதனால்தான்.

இரண்டாவது, வட்டு நன்றாக இருந்தும் ஓடாமல் போவதுண்டு. விசிடி என்பது 352க்கு 288 புள்ளிகள் கொண்ட எம்பெக்-1 படம். டிவிடி என்பது 720க்கு 576 புள்ளிகள் கொண்ட எம்பெக்-2 படம். நம் நாட்டு பால் முறைக்குரிய அளவுகள் இவை. கணினியில் ஓடும் ஏவிஐ கோப்பை அப்படியே வட்டில் எழுதினால் பழைய பிளேயர்கள் பல அதை அறியா. எழுதி முடித்ததும் வட்டை 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்டால், எழுதிய கணினி படிக்கும், பிளேயர் படிக்காது. டிவிடி-ஆர், டிவிடி+ஆர் என இரு குலங்கள் உண்டு. தொடக்ககாலக் கருவிகள் சில ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளின. இன்னொரு புதிரும் உண்டு. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளக் கதிர் வேண்டும், டிவிடிக்கு 650. வீட்டில் எரிக்கும் சிடியின் சாயம் 780க்கென்றே அமைந்தது. 650 மட்டும் கொண்ட முதற்காலத்து டிவிடி பிளேயர்கள் கடை விசிடியைக் காட்டிவிட்டு, வீட்டு விசிடியை இல்லை என்றன. அக்காலத்தில் வட்டைக் குறை கூறித் தூக்கி எறிந்தவர் எத்தனை பேரோ!

மூன்றாவது, துடைக்கும் முறை. வட்டமாகத் துடைத்தல் ஆகாது. மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராக, மென்துணியால் துடைக்க வேண்டும். எழுத்து சுருளாகச் செல்வதால், குறுக்காக விழும் கீறல் ஒவ்வொரு வரியிலும் ஓரெழுத்தைத்தான் கெடுக்கும். பிழைதிருத்தும் கணக்கு அதை ஈடுசெய்துவிடும். சிடியில் வரியின் போக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளச் சிதைவு வரை முழுமையாக மீட்க இயலும் என்பர். வரியோடு வரியாகச் செல்லும் கீறலோ தொடர்ச்சியாகப் பல வரிகளை விழுங்கிவிடும். சிடியைப் பொறுத்தவரை, பளபளக்கும் அடிப்புறத்தைவிடப் பெயர் எழுதும் மேற்புறமே ஆபத்தானது. எழுத்துப் படலம் அங்கே மெல்லிய அரக்குப் பூச்சின் கீழ்தான் இருக்கிறது. ஒட்டிய தாளை உரித்தால் படலமும் கூடவே வந்துவிடும். டிவிடியில் அப்படலம் 0.6 மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டின் நடுவே இருக்கிறது. எனவே கீறலுக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. வளைவுக்கு அஞ்ச வேண்டும்.

நம் வட்டு வளைந்திருந்தது. காரணம் நாமே. 2007இல் ஆச்சியின் படமும் மலர்க்கொடியும் அச்சிட்ட ஒட்டுத்தாளை அதன்மேல் ஒட்டி அழகு பார்த்தோம். பதினேழு சாரல்களில் அத்தாள் ஈரம் ஏற்று விரிந்தும் உலர்ந்து சுருங்கியும் வட்டைக் கிண்ணம்போல் ஆக்கியிருந்தது. மேலும் ஒரு பிழை: அவசரத்தில் இருந்த வேகங்களுள் உச்ச வேகத்தில் எரித்திருந்தோம். எழுத்து மையத்தில் தொடங்கி விளிம்பில் முடிகிறது. விளிம்பை நெருங்கும்போதுதான் எழுதும் வேகம் உச்சத்தை அடையும். விலை குறைந்த வட்டில் அப்பகுதி முதலிலேயே நலிவாகப் பதியும். விரல் படுவதும் ஈரம் புகுவதும் அதே விளிம்பில்தான். ஆக, படத்தின் முடிவே முதலில் கெடும்.

இதைக் கேட்டபோது நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஏட்டுக்கட்டில் புறத்தே இருக்கும் ஓலைகள்தாம் முதலில் முரியும், முதலில் செல்லுக்கு இரையாகும். நடுவில் இழந்தவையும் உண்டு. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை 1894இலும் பதிற்றுப்பத்தை 1904இலும் பதிப்பித்தபோது ஒரே ஏட்டை நம்பவில்லை. ஊர் ஊராகச் சென்று பல படிகளைத் தேடி, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பினார். நிரப்ப இயலாத இடங்களில் புள்ளியிட்டு விட்டார். ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லி வருகிறோம். நம் வீட்டிற்குள்ளும் இது பொருந்தும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அண்ணாச்சியும் அதையே சொன்னார். "இதே தட்டு வேற யார்கிட்டயாவது இருக்கா சார்வாள்?"

அன்று மாலையே குற்றாலம் சென்றோம். தங்கை தன் வீட்டு வட்டை எடுத்து வந்தாள். ஒட்டுத்தாள் இல்லை, வளைவு இல்லை. ஆனால் சன்னலோர அலமாரியில் இருந்ததால் விளிம்பெங்கும் பூஞ்சணம் பூத்திருந்தது. இரண்டையும் கொண்டு வந்து கணினியில் இட்டோம். பிளேயரில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை. கணினியில் படியெடுப்பதே வழி என்று அண்ணாச்சி கூறியிருந்தார். கணினியில் உள்ள எழுதும் கருவி, பிளேயர் மறுப்பதையும் பலநேரம் படித்துவிடும். சாதாரணமாகப் படியெடுத்தால் முதல் சிதைவிலேயே நின்றுவிடும் என்பதால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம். அது முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறது. பின்னர்த் திரும்பிவந்து சிதைந்த இடங்களைச் சிறுசிறு துண்டாக மீண்டும் மீண்டும் படிக்க முயல்கிறது. எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்பதற்கு ஒரு வரைபடக் கோப்பும் எழுதி வைக்கிறது. அதன் சிறப்பு இங்கேதான். அதே வரைபடத்தைக் கொண்டு இரண்டாவது வட்டை இட்டால், முதல் வட்டில் கிடைக்காதவற்றை மட்டும் இதில் தேடும். இரண்டு வட்டுகளும் ஒரே மூலப்படிவத்திலிருந்து எரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நம்முடையவை அவ்வாறே எரிக்கப்பட்டவை. மூலபாட ஆய்வு என்று நாம் கற்பிப்பதை ஓர் இயந்திரம் செய்துகொண்டிருந்தது.

ஒன்றரை நாள் ஓடியது. தென்காசிப் படியில் 211 மெகாபைட் கிடைக்கவில்லை. குற்றாலப் படி அதில் பெரும்பகுதியை நிரப்பியது. முடிவில் எஞ்சிய இழப்பு ஏறத்தாழ 30 மெகாபைட். ஓட்டத்தில் அது நாற்பது நொடி. 94 நிமிடத்தில் நாற்பது நொடி என்று மகிழ்ந்தோம்.

வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து பார்த்தோம். ஆச்சி வந்தார்கள். வெற்றிலை மென்றபடி பேசினார்கள், பாடினார்கள். தம்பி மகள் கண் இமைக்காமல் பார்த்தாள். 88ஆம் நிமிடத்தில் ஆச்சி மலைவளப் பாட்டைப் பாடுகிறார்கள். ஒரு சொல்லை அச்சுநூலில் உள்ளதற்கு மாறாகப் பாடுகிறார்கள். அப்போது படத்திற்கு வெளியிலிருந்து ஒரு குரல் குறுக்கிடுகிறது. "ஆச்சி, புத்தகத்துல அப்படி இல்லையே." அது நம் குரல். முதுகலை முடித்திருந்த செருக்கு அக்குரலில் இருந்தது. ஆச்சி பாட்டை நிறுத்தி, நாம் இருந்த பக்கம் திரும்பினார்கள். வாய் திறந்தார்கள். அந்த இடத்தில் முகம் சிறுசிறு கட்டங்களாக உடைந்து, படம் உறைந்தது.

படம் மீண்டு வரும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆச்சி அடுத்த பாட்டிற்குப் போயிருந்தார்கள்.

இரு படிகளிலும் கிடைக்காத நாற்பது நொடி அதுதான். நம் கேள்வி பிழையின்றிப் பதிந்திருக்கிறது. ஆச்சியின் விடை இல்லை.

"ஆச்சி என்ன சொன்னாங்க?" என்று தம்பி மகள் கேட்டாள். அம்மா உடனே சொன்னார்கள்: "'ஏலே, புத்தகமாலே வயல்ல நாத்து நட்டுச்சு'ன்னு கேட்டா." ஆச்சி இப்பாட்டைக் கற்றது நடவு வயலில்தான், ஆகவே அது பொருத்தமே. தங்கை மறுத்தாள். "இல்லம்மா. 'எங்க ஆத்தா எனக்கு இப்படித்தான் குடுத்தா. நீ ஒன் பிள்ளைக்கு எப்படி வேணும்னாலும் குடு'ன்னு சொன்னா." தம்பிக்குச் சிரிப்பு மட்டுமே நினைவிருந்தது. கேள்வி கேட்டவர் நாம். நமக்கு ஒன்றுமே நினைவில்லை. அப்போது நாம் ஆச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த அச்சுநூலில் அச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம்.

எது மெய்ப்பாடம் என்று தீர்மானிக்க நாம் முயலவில்லை. இரண்டையும் சொன்னவர் பெயருடன் ஒரு கோப்பில் எழுதி, படத்துடன் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆச்சி பாடிய அந்தச் சொல்லையும் பாடபேதமாகக் குறித்திருக்கிறோம். பிழை என்று குறிக்கவில்லை.

இப்போது அப்படம் மூன்று இடங்களில் இருக்கிறது. நம் வீட்டு வன்தட்டில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று, சென்னையில் படிக்கும் தம்பி மகளிடம் ஒன்று. இவையும் கெடும். எப்பொருளில் எழுதினாலும் கெடும். ஓலைக்கு மஞ்சளும் எண்ணெயும் பூசியவர்களும் அதை அறிந்தே, கெடுமுன் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனும் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தான். இக்கோயில் பழுதுற்றால் அதைச் சீர்செய்து காப்பவர் அடிகளில் தான் விழுந்து வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். அவன் கட்டிய கோயிலின் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990இல்தான் புதிய கோபுரம் குடமுழுக்குக் கண்டது. அன்று ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றோம். கட்டியவன் இன்னும் பிறவாதவரை வணங்கியதன் பொருள் அப்போது விளங்கவில்லை.

அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் சரசுவதி பூசையன்று நூல்களை அடுக்கும்போது, அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் வட்டுகளையும் வெளியே எடுங்கள். ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் அன்றே கணினியில் படியெடுங்கள். ஓடாவிட்டால் எறிந்துவிடாதீர்கள். அதே வட்டு வேறு யாரிடம் இருக்கிறது என்று உறவினரிடம் கேளுங்கள்.

அண்மையில் மேலகரம் வழியே சென்றபோது அந்த வயலருகே வண்டியை நிறுத்தினோம். அந்த 2005ஆம் ஆண்டுத் திருமணத்தார் எவரென்று விசாரித்துச் சொல்லலாம் என்ற எண்ணம். அத்தனை வெயிலில் தொங்கிய வட்டில் சாயம் எஞ்சியிருக்காது என்பது தெரிந்தும் நின்றோம். அறுவடை முடிந்திருந்தது. கயிற்றையும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.